பாரிஸுக்கு முதல் தடவை வருகிறீர்களா? எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

பாரிஸ் புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு விருந்தினர் வராத கோடை கிடையாது. சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் என்று வெவ்வேறு ஊர்களிலிருந்து வருகிறார்கள். இடறி விழும் இடங்கள் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். விவரம் தெரியாமல் இடறுகிறவர்கள் குறைவு. எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்து, மூன்றாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டு விழிப்பவர்களே அதிகம். அதனால் இந்த வழிகாட்டியை வேலைகளின் வரிசைப்படி எழுதியிருக்கிறேன்.

1. விமான டிக்கெட்டுக்கு முன் கிழமையைப் பாருங்கள்

எல்லோரும் தேதியைப் பார்க்கிறார்கள். கிழமையை யாரும் பார்ப்பதில்லை. பாரிஸில் கிழமைதான் செலவையும் திட்டத்தையும் முடிவு செய்கிறது.

பாரிஸ் மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் உரிய நவிகோ வாரப் பாஸ் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது திங்கள் காலை தொடங்கி ஞாயிறு நள்ளிரவில் முடியும், நீங்கள் எந்த நாளில் வாங்கினாலும். நடப்பு வாரத்துக்கான பாஸை வியாழன் வரைதான் விற்பார்கள். வெள்ளிக்கிழமை முதல் அடுத்த வாரத்துக்கு உரியதுதான் கிடைக்கும். 2025-இல் இதன் விலை 31.60 யூரோ. மெட்ரோ, பஸ், டிராம், புறநகர் ரயில், விமான நிலைய ரயில் எல்லாம் இதில் அடக்கம். விமான நிலையத்துக்கான தனி டிக்கெட் அந்த ஆண்டில் ஒரு வழிக்கு 13 யூரோ. திங்களோ செவ்வாயோ வந்து ஞாயிறன்று திரும்புகிறவருக்குப் போகவர 26 யூரோ அதிலேயே போய்விடும். மீதிப் பயணம் ஏறக்குறைய இலவசம். வெள்ளியன்று இறங்குகிறவருக்கு இந்தப் பாஸ் கண்ணில் காட்டும் மிட்டாய் மட்டும்.

அடுத்தது விடுமுறை நாள். லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாயன்று மூடியிருக்கும். ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள் விடுமுறை. ஞாயிறன்று கடைகள் பலவும் திறப்பதில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என மூன்று நாள் பயணம் போட்டு வந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்; அவர்கள் பெரும்பாலும் கதவுகளைத்தான் பார்த்தார்கள். மே முதல் தேதியைத் தவிர்த்துவிடுங்கள். அன்று ஏறக்குறைய எல்லாமே மூடல்.

பொம்பிது மையம் என்ற நவீனக் கலைக்கூடம் உங்கள் பட்டியலில் இருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள். பெரிய புதுப்பிப்பு வேலைக்காக 2025 செப்டம்பரில் மூடினார்கள். 2030 வரை திறப்பதாகத் திட்டம் இல்லை.

2. விசா: தங்குமிடச் சான்றிலிருந்து தொடங்குங்கள்

இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டில் வருகிறவர்களுக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. கடவுச்சீட்டு, நீங்கள் ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும்.

பல நாடுகளைச் சுற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. நேர்காணல் நாள் சீக்கிரம் கிடைக்கிறது என்பதற்காக இன்னொரு நாட்டிடம் கொடுத்தால் திருப்பிவிட இடமுண்டு.

உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் இந்த வேலையை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்குங்கள். 'என் தம்பி வீட்டில் தங்குவேன்' என்று கடிதம் எழுதினால் போதாது. வீட்டுக்காரர் தன் ஊர் நகரசபைக்குப் போய், 30 யூரோ முத்திரை கட்டி, வரவேற்புச் சான்று வாங்கி, அதன் அசலை உங்களுக்கு அனுப்ப வேண்டும். சில நகரசபைகளில் இதற்கான நேரம் கிடைக்கவே வாரக்கணக்காகும். விசா நேர்காணலுக்கு நான்கு நாள் முன்பு தொலைபேசியில் கேட்டால் நாங்கள் என்ன செய்வது?

3. முன்பதிவு: கடினமானதை முதலில்

முன்பதிவுக்கும் வரிசை உண்டு. எது சீக்கிரம் தீருமோ அதை முதலில் பிடித்து, மற்றவற்றை அதைச் சுற்றிப் பொருத்துங்கள். தலைகீழாகச் செய்கிறவர்களுக்குக் கடைசியில் ஈபிள் கோபுரம் கிடைக்காது.

ஈபிள் கோபுரத்தின் மின்தூக்கி டிக்கெட் அறுபது நாள் முன்பு இணையத்தில் திறக்கும். உச்சி வரை போகும் டிக்கெட்டுகள், குறிப்பாக மாலை நேரத்தவை, வேகமாகப் போய்விடும். கிடைக்காவிட்டால் மனம் தளராதீர்கள்: இரண்டாம் தளம் வரை 674 படிகள் ஏறும் டிக்கெட் விலையும் குறைவு, கிடைப்பதும் எளிது. என் கருத்தில் இரண்டாம் தளத்துக் காட்சிதான் மேல். உச்சியிலிருந்து பார்த்தால் ஊர் வரைபடம் போலத் தட்டையாகிவிடுகிறது.

அடுத்து லூவ்ர். குறித்த நேரத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் 32 யூரோ. பதினெட்டு வயதுக்குக் கீழ் இலவசம்; ஆனால் இலவசம் என்றாலும் பிள்ளைகளுக்கும் நேரம் பதிவு செய்யுங்கள்.

நோத்ர தாம் தேவாலயத்துக்கு நுழைவு இலவசம். தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் மீண்டும் திறந்தார்கள். முன்பதிவும் இலவசம்தான், அதுவும் இரண்டு நாள் முன்பிருந்தே திறக்கும். ஆறு மாதம் முன்பு 'நோத்ர தாம் டிக்கெட்' என்று யாராவது காசு கேட்டால் அது வழிகாட்டிச் சுற்றுலாவுக்கான காசு, அல்லது ஏமாற்று. பதிவு இல்லாமலும் வரிசையில் நின்று போகலாம். வரிசை நீளமாகத் தெரிந்தாலும் நகரும்.

4. தங்குமிடம்: அஞ்சல் எண்ணைப் படியுங்கள்

பாரிஸ் நகரம் இருபது வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. லூவ்ர் இருக்கும் முதல் வட்டாரத்திலிருந்து நத்தை ஓடு போலச் சுழன்று வெளியே போகும். அஞ்சல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் வட்டார எண்: 75005 என்றால் ஐந்தாவது, 75018 என்றால் பதினெட்டாவது. 75-இல் தொடங்காத எண் என்றால் அது நகரத்துக்கு வெளியே. விடுதி விளம்பரத்தில் 'பாரிஸ்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். எண் 93 என்றோ 94 என்றோ தொடங்கும்.

வட்டாரத்தைவிட முக்கியம், நடக்கும் தூரத்தில் இரண்டு மெட்ரோ பாதைகள் இருப்பது. ஒன்றில் பழுதுவேலை நடந்தால் இன்னொன்று கைகொடுக்கும்.

பழைய கட்டிடங்களில் மின்தூக்கி இல்லாதது சாதாரணம். இருந்தாலும் ஒரு ஆளும் ஒரு பெட்டியும்தான் நுழையும். பெற்றோரை அழைத்து வருகிறவர்கள் முன்பே கேட்டுவிடுங்கள். வாடகை வீடு என்றால் தெருக் கதவின் எண் குறியீட்டையும் கிளம்புமுன் வாங்கி, தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசி அணைந்துபோய், இரவு பதினோரு மணிக்குக் கதவுக்கு வெளியே இரண்டு பெட்டியோடு நின்றவர்களைப் போய் அழைத்து வந்திருக்கிறேன்.

5. பெட்டி: எதை எடுக்கக் கூடாது

துணிமணி உங்கள் பாடு. நான் சொல்ல வேண்டியது சாப்பாட்டுப் பொருள்களைப் பற்றி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் பயணிகள் கொண்டுவரத் தடை. அம்மா கட்டிக்கொடுத்த நெய்ப் பாட்டிலும் இதில் சேரும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். பொடி, வடாம், புளி இவற்றில் சிக்கல் இல்லை. கறிவேப்பிலை இங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதியில் கிடைக்கும், கவலை வேண்டாம்.

மின்செருகி: இரண்டு உருண்டை முனை கொண்ட மெல்லிய கைப்பேசிச் செருகி இங்கே பொருந்தும். நம் ஊரின் மூன்று முனைச் செருகி பொருந்தாது. ஒரு மாற்றி எடுத்து வாருங்கள்.

வாரப் பாஸ் வாங்கப் போகிறவர்கள் ஆளுக்கொரு சிறிய புகைப்படம் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டரை சென்டிமீட்டருக்கு மூன்று. அதை அட்டையில் ஒட்ட வேண்டும். படம் ஒட்டாத அட்டைக்குப் பரிசோதகர் அபராதம் போடுவார்.

6. விமானத்திலிருந்து இறங்கி அறைக்குப் போகும்வரை

குடிவரவு வரிசையில் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். 2025 அக்டோபர் முதல் படிப்படியாக, வெளிநாட்டவரின் கைரேகையும் முகமும் எல்லையில் பதிவாகின்றன. வந்து இறங்கி ஒரு மணி நேரத்தில் எங்கேயும் முன்பதிவு வைக்காதீர்கள்.

வெளியே வந்ததும் 'டாக்சி, டாக்சி' என்று காதருகே சொல்லிக்கொண்டு வருபவரிடம் திரும்பியும் பார்க்காதீர்கள். உரிமம் பெற்ற டாக்சி உங்களைத் தேடி வராது. அதற்கென்று வரிசை இருக்கிறது. அரசு விதித்த நிலைக்கட்டணம் உண்டு. சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து சேன் நதியின் வலக்கரைக்கு, அதாவது வடபக்கத்துக்கு 56 யூரோ; இடக்கரைக்கு, அதாவது தென்பக்கத்துக்கு 65. ஓர்லி விமான நிலையத்திலிருந்து இடக்கரைக்கு 36, வலக்கரைக்கு 45. இவை 2025-இன் கட்டணங்கள். ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. அதே ஆண்டில் நான்கு பேராக ரயிலில் போனால் 52 யூரோ ஆனது என்பதை நினைத்துப் பாருங்கள். பெட்டிகளோடும் முதியவர்களோடும் வருகிற குடும்பத்துக்கு டாக்சி ஆடம்பரம் அல்ல.

ஒருவரோ இருவரோ என்றால் ரயில்தான். சார்ல் து கோலிலிருந்து ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் விரைவு ரயில் சுமார் முப்பத்தைந்து நிமிடத்தில் கார் து நோர் நிலையத்துக்கு வரும். ஓர்லிக்கு 2024 ஜூன் முதல் மெட்ரோ 14 ஓடுகிறது. டிக்கெட் இயந்திரத்தில் 'உதவி செய்கிறேன்' என்று கையை நீட்டுகிறவரிடம் நன்றி சொல்லிவிட்டு நிலைய ஊழியரிடம் போங்கள். கை நீட்டியவர் உங்கள் காசில் சிறுவர் டிக்கெட்டை வாங்கித் தருவார், அல்லது காலாவதியான அட்டையைத் திணிப்பார்.

7. மெட்ரோ: ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படிக்க வேண்டிய பகுதி

மற்ற எல்லாவற்றிலும் சமாளித்துவிடலாம். இதில் தவறினால் அபராதம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாரப் பாஸ் வேண்டாதவர்கள் நவிகோ ஈசி அட்டை வாங்குங்கள். அட்டைக்கு 2 யூரோ, அதில் டிக்கெட்டுகளை ஏற்றிக்கொள்ளலாம். பழைய காகித டிக்கெட்டைத் தேடாதீர்கள். கைப்பேசியிலும் ஏற்றலாம். அட்டையோ கைப்பேசியோ, ஆளுக்கு ஒன்று. ஒரே அட்டையைத் தட்டித் தானும் நுழைந்து, மனைவியையும் நுழைத்துவிட்ட பெரியவரைப் படிக்கட்டின் கீழே நான்கு பரிசோதகர்கள் எதிர்கொண்டார்கள். 'இரண்டு டிக்கெட் ஏற்றியிருந்தேனே' என்று அவர் இன்றும் வாதாடுகிறார். ஏற்றியிருந்தார், உண்மைதான். ஆனால் பதிவானது ஒருவர் பயணம்.

2025 ஜனவரியில் கட்டணம் எளிதானது. மெட்ரோ, ஆர்.இ.ஆர்., புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட், அந்த ஆண்டில் 2.50 யூரோ, விமான நிலையங்கள் தவிர எவ்வளவு தூரமானாலும். பஸ், டிராமுக்கு வேறு டிக்கெட், அப்போது 2 யூரோ. ஜனவரிதோறும் சில சென்ட் ஏறும். மெட்ரோவிலிருந்து இறங்கி அதே டிக்கெட்டில் பஸ் ஏறலாம் என்று நினைப்பதுதான் இப்போது அதிகம் நடக்கும் தவறு. ஏற முடியாது.

மெட்ரோவில் கிழக்கு, மேற்கு என்ற பேச்சே இல்லை. பாதை எண்ணும் கடைசி நிலையத்தின் பெயரும்தான் வழிகாட்டும். பாதை 1-இல் லூவ்ரிலிருந்து வெற்றி வளைவுக்குப் போக வேண்டுமா? லா தெஃபான்ஸ் என்று எழுதிய நடைமேடைக்குப் போங்கள். எதிர்ப்பக்கம் ஷாத்தோ து வின்சென். ஏறுமுன் இந்தப் பெயரை மட்டும் கைப்பேசியில் பார்த்து மனத்தில் போட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஆர்.இ.ஆர். ரயிலுக்கு அதுவும் போதாது, ஏனெனில் அது கிளை பிரியும். நடைமேடையின் மேலே தொங்கும் பலகையில் உங்கள் நிலையத்தின் பெயருக்கு எதிரே விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். ஆர்.இ.ஆரில் வெளியேறும்போதும் அட்டையைத் தட்ட வேண்டும். அட்டையைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு வாயிற்கதவின் முன்னால் துழாவுகிறவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்தான்.

'சோர்த்தி' என்றால் வெளியேறும் வழி. 'கொரெஸ்போந்தான்ஸ்' என்றால் பாதை மாறும் வழி. சோர்த்தி வழியாக வெளியே போய்விட்டால் பயணம் முடிந்தது; திரும்ப நுழைய இன்னொரு டிக்கெட். பெரிய நிலையங்களில் சோர்த்திகளுக்கு எண் உண்டு. சரியான எண்ணைப் பிடித்தால் பத்து நிமிட நடை மிச்சம்.

ஷாத்லே நிலையத்தில் பாதை மாறுவதை முடிந்தவரை தவிருங்கள். வரைபடத்தில் ஒரு புள்ளிதான். உள்ளே போனால் சந்தைக்கூட்டத்தில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். மெட்ரோ பாதைகளில் முழுக்க மின்தூக்கி வசதி உள்ளது 14 மட்டும். மற்றவை படிக்கட்டுதான். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பஸ் நல்லது. 69 எண் பஸ் ஈபிள் கோபுரத்தின் அருகிலிருந்து லூவ்ர் வழியாக பஸ்தீ வரை போகிறது. சுற்றுலாப் பேருந்துக்குக் கொடுக்கும் காசு மிச்சம். நிறுத்தத்தில் பஸ் வரும்போது கையைக் காட்டுங்கள். காட்டாவிட்டால் போய்க்கொண்டே இருக்கும்.

மடக்கு இருக்கைகளில் கூட்ட நேரத்தில் உட்காராதீர்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனால் பார்ப்பார்கள்.

8. கடைக்குள் நுழைந்ததும் முதல் சொல்

போன்ஜூர், அதாவது வணக்கம். கேள்விக்கு முன்னால், விலை கேட்பதற்கு முன்னால், ஆங்கிலத்துக்கு முன்னால். மாலையானால் போன்சுவார்.

பிரெஞ்சுக்காரர்கள் கடுகடுப்பானவர்கள் என்று ஊர் திரும்பிச் சொல்கிறவர்களிடம் இதைச் சொன்னீர்களா என்று கேட்டுப் பாருங்கள். இங்கே கடை என்பது கடைக்காரரின் வீடு மாதிரி. வணக்கம் சொல்லாமல் கூடத்துக்குள் வந்து 'தண்ணீர் எங்கே' என்று கேட்டால் நம் வீட்டில் மட்டும் முகம் மலருமா? பஸ் ஓட்டுநருக்கும் சொல்லுங்கள். கிளம்பும்போது மெர்சி (நன்றி), ஒருவா (போய்வருகிறேன்). இந்த நான்கு சொற்களுக்குப் பிறகு ஆங்கிலத்தில் பேசினால் பெரும்பாலோர் பதில் சொல்வார்கள்.

9. சாப்பாடு: நேரமும் சொற்களும்

மதிய உணவு பன்னிரண்டு முதல் இரண்டு மணி வரை. இரவு ஏழு, ஏழரைக்குப் பிறகுதான் அடுப்பு மூட்டுவார்கள். மூன்று மணிக்குப் பசித்துக்கொண்டு அலையும் குடும்பங்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். அந்த நேரத்துக்கு பிரெட் கடை இருக்கிறது, அல்லது நாள் முழுதும் சமைக்கும் பிராசரி வகை உணவகம்.

சொற்கள் கவிழ்த்துவிடும். 'மெனு' என்று கேட்டால் உணவுப் பட்டியல் வராது. மெனு என்பது இரண்டு மூன்று பதார்த்தம் சேர்ந்த நிலைவிலைச் சாப்பாடு. பட்டியலுக்குப் பெயர் கார்த். ஆந்த்ரே என்பது முதன்மை உணவு அல்ல, தொடக்கத்தில் வரும் சிறு பதார்த்தம். மதியத்தில் 'ப்ளா து ஜூர்' என்று கரும்பலகையில் எழுதியிருப்பதைக் கேளுங்கள்: அன்றைய சாப்பாடு, புதிதாகவும் மலிவாகவும் இருக்கும்.

தண்ணீர் கேட்டால் காசுப் பாட்டிலைக் கொண்டுவந்து வைப்பார்கள். 'யூன் கராஃப் தோ' என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் கூஜாவில் இலவசமாக வரும். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது. தெருவில் பச்சை நிற வாலஸ் நீரூற்றுகளில் உங்கள் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'வெஜிட்டேரியன்' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். 'சான் வியாந்த், சான் புவாசோன்', அதாவது இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல் என்று இரண்டையும் சொல்லுங்கள். சாலட்டில் லார்தோன் என்ற பன்றி இறைச்சித் துண்டுகள் பெயர் சொல்லாமல் வந்து உட்காரும். வெங்காய சூப்பின் அடியில் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறு. முட்டைக்கு ஆட்சேபம் இல்லையென்றால் பாலாடைக்கட்டி வைத்த கிரேப், அதாவது மெல்லிய தோசை போன்ற பண்டம், பாதுகாப்பான ஒன்று.

காப்பி என்றால் சிறு கிண்ணத்தில் கடுங்காப்பி வரும். பால் வேண்டுமென்றால் காஃபே கிரெம். கவுண்டரில் நின்று குடித்தால் பல இடங்களில் விலை குறைவு. ரசீதைக் கேட்காமல் கொண்டுவர மாட்டார்கள். உங்களை எழுப்பிவிடுவது மரியாதைக் குறைவு என்பது அவர்கள் கணக்கு. 'லாதிசியோன்' என்று கேளுங்கள். சேவைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்தது. அட்டை இயந்திரம் யூரோவா ரூபாயா என்று கேட்டால் யூரோவைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் சுரண்டிவிடும்.

மூன்றாம் நாள் நாக்கு இட்லி தேடத் தொடங்கும். மெட்ரோ 2-இல் லா ஷப்பேல் நிலையத்தில் இறங்குங்கள். ஃபோபூர் சாந்தெனி தெருவின் வடமுனையும், பக்கத்தில் காய் தெருவும் ஈழத்தமிழர் கடைகளால் நிறைந்தவை. பெயர்ப்பலகையைத் தமிழிலேயே படிக்கலாம். கவனம்: ஃபோபூர் சாந்தெனி தெரு வேறு, சாந்தெனி தெரு வேறு, சாந்தெனி என்ற புறநகர் ஊர் இன்னும் வேறு. தோசை தேடிப் போய், முதல் சொல்லை விட்டுவிட்டதால் வேறு வகை வியாபாரம் நடக்கும் தெருவில் மாமியாரோடு நின்ற ஒருவரைப் பற்றி மேற்கொண்டு எழுத மாட்டேன்.

அருகில் பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. ஆகஸ்ட் இறுதியை ஒட்டி வருகிறவர்கள் தேர்த் திருவிழா நாளை விசாரித்துக்கொள்ளுங்கள்.

10. ஒரு நாளில் எவ்வளவு?

காலையில் ஒரு பெரிய இடம், மாலையில் ஒன்று. நடுவில் நடை. அதற்கு மேல் போட்டால் மூன்றாவது இடத்தில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள், நியாயமாகவே.

லூவ்ர் புதன், வெள்ளி இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும். கூட்டம் அப்போது தணியும். எல்லோரும் நேரே மோனா லிசாவுக்கு ஓடுகிறார்கள். தெனோன் பகுதி, முதல் தளம், 711-ஆம் அறை. வழியெல்லாம் அம்புக்குறி இருக்கிறது, தொலைய முடியாது. அதைப் பார்த்தபின் எதிர்ப்பக்கம் ரிஷெலியூ பகுதிக்குப் போங்கள். அங்கே மூச்சுவிட இடம் இருக்கும். ஓர்சேயில் மாறாக மேலிருந்து தொடங்குங்கள்: மோனே, ரெனுவார் எல்லாம் ஐந்தாம் தளத்தில். கால் தெம்பாக இருக்கும்போது அதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்குவதுதான் சரி.

ஈபிள் கோபுரம் இருட்டியபின் ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் மின்னும். கோபுரத்தின் மேலே நின்றால் அதைப் பார்க்க முடியாது. ஏறும் நாளும் பார்க்கும் நாளும் வேறாக இருக்கட்டும். மெட்ரோ 6-இல் பாசி நிலையத்துக்கும் பீர் ஹக்கேமுக்கும் இடையே ரயில் நதியை மேலே கடக்கும்போது சன்னலோரம் நில்லுங்கள். ஒரு டிக்கெட்டுக்கு இதைவிட நல்ல காட்சி இந்த ஊரில் இல்லை.

தெருவிலுள்ள பொதுக் கழிப்பறைகள் இலவசம். ஒருவர் வெளியே வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையாதீர்கள். கதவு மூடி, உள்ளே தானாகக் கழுவி முடித்து, பச்சை விளக்கு வரும்வரை பொறுங்கள்.

11. வெர்சாய்: சரியான நிலையம்

அரண்மனைக்கு வெர்சாய் ஷாத்தோ ரிவ் கோஷ் என்ற நிலையம்தான் மிக அருகில். ஆர்.இ.ஆர். சி ரயிலின் கடைசி நிறுத்தம் அது. அங்கிருந்து பத்து நிமிட நடை. வெர்சாய் என்று தொடங்கும் வேறு நிலையங்களும் உண்டு, அதே சி பாதையில் ஷாந்தியே உட்பட. பலகையில் 'ஷாத்தோ' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். செவ்வாயன்று லூவ்ர் மூடியிருப்பதால் அந்தக் கூட்டமும் இங்கே வரும். புதனோ வியாழனோ தேர்ந்தெடுங்கள்.

12. திருட்டு

அடிதடி குறைவு, விரல் நுனித் திருட்டு அதிகம். பாதை 1, விமான நிலைய ரயில், ஈபிள் சுற்றுப்புறம், மோன்மார்த்ர் படிக்கட்டு ஆகியவை அவர்கள் அலுவலகம். கதவு மூடும் நொடியில் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு இறங்குவது வழக்கமான முறை. கதவோரம் நின்று வரைபடம் பார்க்காதீர்கள்.

கையெழுத்துக் கேட்டுத் தாளை நீட்டுகிறவர், மணிக்கட்டில் நூல் கட்ட வருகிறவர், காலடியில் தங்க மோதிரம் 'கண்டெடுத்து'க் கொடுக்கிறவர், மூன்று கிண்ண விளையாட்டுக்காரர்: யாரிடமும் நிற்க வேண்டாம். மறுத்துப் பேசவும் வேண்டாம். பேச்சுக்கு நின்றாலே அவர்களுடைய கூட்டாளிக்கு நேரம் கிடைக்கிறது. கடவுச்சீட்டு அறையில் இருக்கட்டும், நகல் சட்டைப்பையில். அவசர எண் 112.

13. திரும்பும் நாள்

ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் வரியைத் திரும்பப் பெறலாம். கடையில் கடவுச்சீட்டைக் காட்டி தெத்தாக்ஸ் படிவம் கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது. விமான நிலையத்தில் முதலில் பாப்லோ என்ற சுங்க இயந்திரத்தில் படிவத்தைக் காட்டி ஒப்புதல் பெறுங்கள். பெட்டியை ஒப்படைப்பது அதற்குப் பிறகு. வரிசையை மாற்றிவிட்டு, சுங்க அதிகாரி 'பொருளைக் காட்டுங்கள்' என்றால் பொருள் விமானத்தின் வயிற்றில் இருக்கும்.

வாரப் பாஸ் அட்டையில் உங்கள் பெயரும் படமும் இருப்பதால் அதை வேறு யாரும் பயன்படுத்த முடியாது. நவிகோ ஈசி அப்படியல்ல, பத்து ஆண்டு செல்லும். குப்பையில் போடாமல் கொண்டுபோய், அடுத்து வரும் உறவினரிடம் கொடுங்கள். இரண்டு யூரோ மிச்சம்.